மாண்டிசோரி அம்மையாரும் பிள்ளைகளின் கைகளும்



ஆண்டுதோறும் நம் பள்ளி மலரில் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வருகின்றோம். இவ்வாண்டு இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையாரின் வரலாற்றைத் தேர்ந்துகொண்டோம். பட்டணத்துப் பாலர் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் இப்பெயரைப் பலரும் கண்டிருப்பீர்கள். அப்பள்ளிகளில் சிலவற்றின் கட்டணத்தைக் கேள்வியுற்றவர்கள், அம்மையார் செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்காகவே உழைத்தவர் என்று எண்ணியிருத்தலும் கூடும். உண்மை அதுவன்று. அவருடைய முதல் மாணவர்கள் மனநோயாளர் விடுதிகளில் அடைக்கப்பட்டிருந்த பிள்ளைகள். அடுத்த மாணவர்கள் கூலித் தொழிலாளரின் பிள்ளைகள்.

1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள், இத்தாலியின் அங்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் மரியா பிறந்தார். தந்தையார் அரசாங்க அலுவலர். தாயார் நூல்களை விரும்பிப் படிப்பவர். மரியா சிறுமியாக இருந்தபோதே குடும்பம் ரோம் நகருக்குக் குடியேறியது. பெண்பிள்ளை படித்தால் ஆசிரியை ஆகலாம், அதற்குமேல் ஆசைப்படலாகாது என்றிருந்த காலம் அது. மரியாவோ ஆண்பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். முதலில் பொறியாளர் ஆக விரும்பினார். பின்னர் மனம் மாறி மருத்துவம் பயின்றார். தந்தையாருக்கு இதில் உடன்பாடில்லை. தாயார் துணை நின்றார். ஆண் மாணவரோடு சேர்ந்து ஒரு பெண் பிணத்தை அறுத்துப் பயிலுதல் தகாது எனக் கருதப்பட்டமையால், மற்றவர் வீடு திரும்பிய பின்னர்ப் பிணவறையில் தன்னந்தனியாக நின்று அப்பாடத்தைக் கற்றார். 1896ஆம் ஆண்டில் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் இவரே என்று பலரும் எழுதுகின்றனர். இவருக்கு முன்னரே சில பெண்கள் அந்நாட்டில் மருத்துவப் பட்டம் பெற்றிருந்தனர். இல்லாத பெருமையைச் சேர்க்காவிட்டாலும் அம்மையாரின் பெருமை குறையப் போவதில்லை.

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவப் பிரிவில் துணை மருத்துவராகச் சேர்ந்தார். சிகிச்சைக்குரியவர்களைத் தேர்ந்தெடுப்பதற்காக நகரிலுள்ள மனநோயாளர் விடுதிகளுக்குச் செல்வது அவர் கடமைகளுள் ஒன்று. அங்கேதான் அவர் அப்பிள்ளைகளைக் கண்டார். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளை வைத்துப் பேண வேறு இடம் இல்லாமையால், மனநோயுற்ற பெரியவர்கள் இருந்த விடுதிகளிலேயே அவர்களையும் அடைத்து வைத்திருந்தனர்.

அவர் வரலாற்றை எழுதியவர்கள் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றனர். ஒரு விடுதியில், உணவு முடிந்ததும் பிள்ளைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்களாம். அங்கிருந்த பணிப்பெண், இவர்களுடைய பேராசையைப் பாருங்கள் என்று அருவருப்போடு காட்டினாளாம். மரியா அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு சுவர்களைத் தவிர அங்கு ஒன்றுமில்லை. எடுத்துப் பார்க்க ஒரு பொருளில்லை. உருட்ட, திறக்க, மூட எதுவுமில்லை. அப்பிள்ளைகள் பசியால் துணுக்கைப் பொறுக்கவில்லை. வேலை கேட்ட விரல்களுக்கு அந்தத் துணுக்குகளே அகப்பட்டன. ஒரே காட்சியைத்தான் இருவரும் கண்டனர். ஒருத்தி குறையைக் கண்டாள். மற்றவர் கைகளைக் கண்டார்.

இப்பிள்ளைகளைப்பற்றி முன்னோர் யாரேனும் எழுதியிருக்கின்றனரா என்று மரியா தேடினார். பிரெஞ்சு நாட்டு மருத்துவர்கள் இருவரின் நூல்கள் கிடைத்தன. ஒருவர் இத்தார் (1774–1838). 1800ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிரான்சின் அவேரோன் பகுதிக் காட்டிலிருந்து ஏறத்தாழ 12 வயதுச் சிறுவன் ஒருவன் ஊருக்குள் வந்தான். உடையில்லை, பேச்சில்லை. அறிஞர்கள் பார்த்துவிட்டு, இவன் தேறமாட்டான் என்றனர். இளம் மருத்துவரான இத்தார் அவனைத் தம் பொறுப்பில் ஏற்று, விக்டர் என்று பெயரிட்டுச் சில ஆண்டுகள் பயிற்றினார்.

தொடக்கத்தில் அவனுக்குச் சூடும் குளிரும் உறைக்கவில்லை. ஆகையால் நாள்தோறும் நெடுநேரம் வெந்நீரில் குளிப்பாட்டினர். தோலுக்கு உணர்ச்சி வந்ததும், உடைகளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, காலைக் குளிரில் அவனைச் சிறிது நேரம் விட்டுவைத்தனர். சில நாட்களில் தானே உடுத்திக்கொள்ளக் கற்றான். குழந்தையைக் குளிரில் விட்டுக் கற்பிக்கும் முறையை இன்று நாம் ஏற்கமாட்டோம். ஆனால் அவன் கற்றான் என்பது உண்மை. படுக்கையை நனைக்காதிருக்கவும், மேசையில் தட்டுகளை எடுத்து வைக்கவும் கற்றான். பேச்சு மட்டும் இரண்டொரு சொல்லுக்குமேல் வரவில்லை. பேச்சையே அளவுகோலாகக் கொண்ட உலகம் அம்முயற்சியைத் தோல்வி என்று எழுதிவைத்தது. உடுத்துதலையும் உண்ணுதலையும் அளவுகோலாகக் கொண்டிருந்தால் வேறு விதமாக எழுதியிருக்கும்.

மற்றொருவர் இத்தாரின் மாணவரான செகேன் (1812–1880). அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென முறையான பயிற்சியை வகுத்து, 1846ஆம் ஆண்டில் பெரிய நூலொன்றை வெளியிட்டு, பின்னர் அமெரிக்காவில் குடியேறியவர். இவ்விருவரின் எழுத்துகளையும் மரியா தம் கையாலேயே இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதினார். அச்சடித்த நூலைக் கையால் எழுதுவானேன் என்று மாணவர்கள் கேட்கலாம். ஒவ்வொரு சொல்லையும் நின்று நிதானித்து உணர்வதற்காகவே அவ்வாறு செய்தார்.

1898ஆம் ஆண்டு தூரின் நகரில் நடந்த கல்வி மாநாட்டில், இப்பிள்ளைகளுக்கு மருந்தைக் காட்டிலும் கல்வியே வேண்டும் என்று மருத்துவரான அவரே பேசினார். 1900ஆம் ஆண்டில், இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளியொன்று ரோம் நகரில் தொடங்கப்பட்டது. அதனை நடத்தும் பொறுப்பில் அவரும் ஒருவராக அமர்ந்தார். காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை பிள்ளைகளோடு இருப்பார். இரவில் அன்று கண்டவற்றைக் குறித்து வைத்து ஆராய்வார். இரண்டு ஆண்டுகள் இவ்வாறு உழைத்தார். அவரிடம் பயின்ற பிள்ளைகளுள் சிலர், மற்றப் பிள்ளைகள் எழுதும் பொதுத் தேர்விலேயே எழுத்தும் வாசிப்பும் தேறினர். நாடே வியந்தது. அம்மையாரோ, இவர்களே தேறினார்கள் என்றால் நலமான பிள்ளைகள் இவ்வளவு தாழ்ந்த நிலையில் நிற்பது ஏன் என்று கவலைப்பட்டார்.

அக்காலத்து அனுபவம் ஒன்றை அவர் தம் நூலில் விளக்கியுள்ளார். ஒரு சிறுமிக்குத் தையல் கற்பிக்க முயன்றனர். எத்தனை முறை காட்டினாலும் ஊசியை மேலும் கீழுமாகச் செலுத்த அவளுக்கு வரவில்லை. அவளுக்குத் தையல் வராது என்று எழுதிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போயிருக்கலாம். அம்மையார் தையலை நிறுத்தினார். காகிதப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்துப் பாய்போலப் பின்னும் வேலையைக் கொடுத்தார். பட்டை மேலே ஏறும், கீழே இறங்கும். தையலில் ஊசி செல்வதும் அவ்வாறே. அவ்வேலை கைவந்தபின் ஊசியைக் கொடுத்தார். சிறுமி தைத்தாள். இது நடந்த பின்னர், தையல் வகுப்பே பாய் பின்னுதலில் தொடங்கியது. பிள்ளைக்கு ஒரு வேலை வரவில்லையென்றால், அந்த வேலைக்குக் கீழேயுள்ள படி எது, அதில் அவள் கால் ஊன்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை அம்மையார் இச்சிறுமியிடமிருந்து கற்றார்.

இதனை எழுதும்போது நமக்கு வெட்கமே மேலிடுகின்றது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இவ்வரலாற்றைப் படித்துத் தேர்வும் எழுதியவர் நாம். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு தோட்டத்துப் பள்ளியில் பணியாற்றியபோது, ஒரு தாய் தம் மகனைச் சேர்க்க அழைத்து வந்தார். பையனுக்கு எட்டு வயது, பேச்சுத் தெளிவில்லை. அந்நாளில் நடைமுறையில் இருந்த 1997ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிகள், பிறர் உதவியை நாடாமல் தன்னைத்தானே கவனித்துக்கொள்ளக்கூடிய பிள்ளையே கற்பிக்கத்தக்க பிள்ளை என வகுத்திருந்தன. அவ்விதிகள் 2013ஆம் ஆண்டில் மாற்றப்பட்டுவிட்டன. விதியைக் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. நாம் கேட்டது ஒரே கேள்வி. தனியாகக் கழிவறைக்குப் போய் வருவானா என்று கேட்டோம். நான்தான் அழைத்துப் போகிறேன் என்று அந்த அம்மா சொன்னார். நாம் பதிவேட்டை மூடிவிட்டோம். கழிவறைக்குப் போகவேண்டும் என்று அவனே காட்டுகின்றானா, காற்சட்டையைத் தானே இறக்குகின்றானா, கை கழுவுகின்றானா, எந்த இடத்தில் தாயின் கை வேண்டியிருக்கின்றது என்று ஒன்றையும் கேட்கவில்லை. அவர்கள் திரும்பியபோது, பையன் படியில் அமர்ந்து, கழற்றி வைத்திருந்த தன் செருப்பை இடது எது, வலது எது என்று திருப்பிப் பார்த்துச் சரியாக மாட்டிக்கொண்டான். பின்னர்த் தாயின் செருப்பையும் எடுத்து அவர் காலருகே வைத்தான். நாம் அதைக் கண்ணால் கண்டோம். கண்டும் பதிவேட்டைத் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு அக்குடும்பம் தோட்டத்தை விட்டுப் போய்விட்டது.

அம்மையாரின் வரலாற்றுக்குத் திரும்புவோம். ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதி ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த இடம். பெற்றோர் விடியலில் வேலைக்குப் போய்விடுவர். பள்ளி வயது எட்டாத குழந்தைகள் மாடிப்படிகளில் திரிந்து, புதிதாக வெள்ளையடித்த சுவர்களைப் பாழாக்கினர். வீடுகளைப் பழுதுபார்த்து வாடகைக்கு விட்டிருந்த சங்கத்தார், இப்பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள அம்மையாரை அழைத்தனர். நம் தோட்டங்களில் ஆயாக்கொட்டகை தோன்றிய காரணமும் ஏறத்தாழ இதுவே. 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், ஏறத்தாழ 50 குழந்தைகளோடு குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. குறைபாடுடைய பிள்ளைகளிடம் கற்றதை அம்மையார் இப்போது நலமான பிள்ளைகளுக்குப் பயன்படுத்தினார். மாண்டிசோரி முறை என்று உலகம் புகழ்வது பிறந்த வரிசை இது. பலரும் இதனை அறியார்.

அவ்வில்லத்தில் எழுத்துக்கு முன்னரே கை கழுவுதல் பாடமாக இருந்தது. கை கழுவுவதில் என்ன பாடம் என்று நினைக்க வேண்டா. கூசாவிலிருந்து கிண்ணத்தில் நீர் ஊற்றுதல் ஒரு வேலை. கையை நனைத்தல் ஒரு வேலை. சவர்க்காரம் தேய்த்தல், விரலிடுக்கில் தேய்த்தல், நகத்தைப் பார்த்தல், நீரில் அலசுதல், துவாலையில் துடைத்தல், சிந்திய நீரைத் துடைத்தல் எனப் பல வேலைகள் அதில் அடங்கியுள்ளன. ஒவ்வொன்றையும் பேச்சைக் குறைத்து மெல்லச் செய்து காட்டிவிட்டு, ஆசிரியை விலகி நின்று பார்ப்பார். மரச்சட்டங்களில் துணியைக் கட்டி, ஒன்றில் பெரிய பொத்தான், ஒன்றில் சிறிய பொத்தான், ஒன்றில் கொக்கி, ஒன்றில் நாடா முடிச்சு எனப் பழகுவதற்கு வைத்திருந்தனர். சட்டையை உடம்பில் போட்டுக்கொண்டு பொத்தானைத் தேடுவதைவிட, மேசைமேல் கண்ணெதிரே வைத்துப் பழகுதல் எளிது. விரல் பழகியபின் உடம்பிலுள்ள சட்டைக்கு வரலாம்.

ஒருநாள் அம்மையார் மூக்கைச் சிந்தும் முறையைப் பாடமாக நடத்தினார். கைக்குட்டையை எப்படி மடிப்பது, ஓசையில்லாமல் எப்படிச் சிந்துவது என்று செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிக்கவில்லை. பாடம் முடிந்ததும் கைதட்டினார்கள். மூக்கு ஒழுகுகிறதே என்று அவர்களைப் பிறந்தது முதல் எல்லாரும் திட்டியிருக்கின்றனர். எப்படித் துடைப்பது என்று அதுவரை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் குறிப்பேடு வைக்கப்பட்டது. எடை, உயரம், வீட்டு நிலைமை எல்லாம் அதில் ஏறின. தாய்மார் வாரத்துக்கு ஒருமுறையேனும் வந்து ஆசிரியையிடம் பேசவேண்டும் என்பது இல்லத்தின் விதிகளுள் ஒன்று. பிள்ளைக்கு இத்தனை மதிப்பெண் என்று கூறும் அளவுகோல் எதையும் அம்மையார் உண்டாக்கவில்லை. குறுக்கே புகாமல் பார்ப்பதும், பார்த்ததைக் குறித்து வைப்பதுமே அவர் முறை.

மதிப்பெண்ணோடு கூடிய அளவுகோலைப் பின்னாளில் அமெரிக்க அறிஞர் எட்கார் டால் (1889–1968) அமைத்தார். நியூ ஜெர்சி மாநிலத்தில் வைன்லாந்து என்னும் ஊரிலிருந்த பயிற்சிப் பள்ளியில் பணியாற்றி, 1930களில் 117 செயல்களைக் கொண்ட பட்டியலை அவர் வெளியிட்டார். உண்ணுதல், உடுத்துதல், பொதுவாகத் தன்னைப் பேணுதல் என அதில் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. பிள்ளையைச் சோதனை செய்யாமல், பிள்ளையை நன்கறிந்த தாயையோ வளர்ப்பவரையோ கேட்டே அதனை நிரப்பவேண்டும். ஒருமுறை செய்து காட்டினானா என்பது கேள்வியன்று. நாள்தோறும் வழக்கமாகச் செய்கின்றானா என்பதே கேள்வி. எல்லா ஊருக்கும் அப்பட்டியல் அப்படியே பொருந்தாது. மேசைக் கத்தியால் ரொட்டியில் வெண்ணெய் தடவுகின்றானா என்றும் அதில் கேட்டுள்ளது. கையால் சோறு பிசைந்து உண்ணும் நம் பிள்ளை அதில் தோற்றுப்போவான். ஆகவே ஊருக்கேற்ற பட்டியல்கள் எழுந்தன. சென்னையில் உருவான ஒன்று, 18 பிரிவுகளில் பிரிவுக்கு 20 ஆக 360 செயல்களைக் கொண்டது. அதில் எளிய செயல் முதலிலும் கடினமானது பின்னரும் வரும். பிள்ளை எதுவரை வந்துள்ளான் என்று பார்த்தால், அடுத்துக் கற்பிக்க வேண்டியது எது என்பது அங்கேயே தெரியும்.

தாய்மார்களிடம் ஒன்று சொல்லவேண்டும். விடியற்காலைப் பெரட்டுக்குப் போகவேண்டிய அவசரத்தில், பிள்ளையைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிட்டுப் போகின்றீர்கள். அவனாகச் செய்ய விட்டால் அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி உங்களிடம் இல்லை. இதில் உங்கள் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அவனால் முடியாது என்று நாம் எழுதுவதிற் பல, அவனுக்கு வாய்ப்புக் கிடைக்காதவை. வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டை என்றால், எல்லாப் பொத்தான்களையும் நீங்கள் போட்டுவிட்டு, கடைசிப் பொத்தானைப் பாதி நுழைத்துவைத்து, மீதியை அவன் இழுக்கும்படி விடுங்கள். அது கைவந்தால் அடுத்த வாரம் அந்தப் பொத்தான் முழுவதும் அவனுடையது. பார்க்கும்போது, தானே செய்கின்றானா, வாயால் சொன்னால் செய்கின்றானா, விரலால் காட்டினால் செய்கின்றானா, கையைப் பிடித்துச் செய்யவைத்தால்தான் செய்கின்றானா என்று கவனியுங்கள். போன மாதம் கையைப் பிடிக்கவேண்டியிருந்து, இந்த மாதம் விரலால் காட்டினால் போதும் என்றால், அதுவும் முன்னேற்றமே. பொத்தான் இன்னும் முழுதாக நுழையவில்லை என்பதற்காக அதனை எழுதாமல் விட்டுவிடக் கூடாது.

அம்மையாரின் பிற்கால வாழ்வைச் சுருக்கிச் சொல்வோம். 1909ஆம் ஆண்டில் அவருடைய நூல் வெளிவந்து பல மொழிகளில் பரவியது. முசோலினி ஆட்சியோடு ஒத்துப்போக இயலாமல் 1934ஆம் ஆண்டில் இத்தாலியை விட்டு வெளியேறினார். ஸ்பெயின் நாட்டில் தங்கினார். 1936ஆம் ஆண்டில் அங்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. ஹாலந்துக்குச் சென்றார். 1939ஆம் ஆண்டின் இறுதியில், தம் 69ஆம் வயதில், பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலும் அவர்தம் துணைவியார் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பை ஏற்று, மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஏறத்தாழ 300 ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றனர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1940ஆம் ஆண்டு சூன் திங்களில் இத்தாலி போரில் இறங்கியதும், இருவரும் பகைநாட்டவர் ஆயினர். மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தனர். அம்மையார் அடையாற்றை விட்டுப் போகலாகாது என்று கட்டுப்படுத்தினர். அவருடைய 70ஆவது பிறந்த நாளுக்கு மகனை விடுவித்தது ஆங்கிலேய அரசு. 1942ஆம் ஆண்டு முதல் இரண்டாண்டுகள் கொடைக்கானல் மலையில் தங்கி, சிறு குழந்தைகளைக் கூர்ந்து நோக்கி வந்தார். போர் முடிந்து 1946ஆம் ஆண்டில் ஐரோப்பா திரும்பினார். 1947ஆம் ஆண்டில் மீண்டும் இந்தியா வந்து இரண்டாண்டுகள் கற்பித்தார். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், ஹாலந்தின் நோர்ட்வெய்க் என்னும் கடற்கரை ஊரில் காலமானார். அவரது கல்லறை அவ்வூரிலேயே உள்ளது.

இவ்வாண்டு நம் பள்ளி அலுவலகத்தில், மாணவர் பதிவேட்டின் அருகே மற்றோர் ஏட்டை வைத்துள்ளோம். வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பள்ளி வயது ஆகாவிட்டாலும், வயது கடந்துவிட்டாலும், வேலை முடிந்து வரும் வழியில் வந்து சொல்லுங்கள். வேலை உடையோடு வரலாம்; பிள்ளையை அழைத்துவரவேண்டும் என்பதில்லை. எழுத்துத் தெரியுமா என்று கேட்கமாட்டோம். காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை எதனைத் தானே செய்கின்றான், எங்கே உங்கள் கை வேண்டியிருக்கின்றது என்று கேட்டு எழுதிக்கொள்வோம். இதுவரை நான்கு தாய்மாரும் ஒரு பாட்டியாரும் வந்து சொல்லியிருக்கின்றனர். பாட்டியார் சொன்னது மூன்று பக்கம் வந்தது.